ஆள் ஏற்றாத டிராக்டர்

பாப்பா,

போனில் நாம் இருவரும் பேசினால் அது பேச்சாக இருப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். நேற்று நீ சென்னையில் அழுதாய், நான் இங்கே கத்தினேன், உன் அப்பா ஸ்பீக்கரை அணைக்கத் தெரியாமல் போனைத் தலையணைக்கு அடியில் திணித்தார். எதிர் வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டிருக்கிறார்கள். காலையில் பால் வாங்கப் போனால் "மாமன் சீர் வராதாமே?" என்று எழவு விசாரிக்கிற முகத்தோடு கேட்கிறார்கள். வரும், வராமல் எங்கே போகும் என்று சொல்லிவிட்டு வந்தேன். பத்தாவதோடு நின்றவள் எழுத்து இது. பிழை இருந்தால் சிரித்துக்கொள், கோபத்தில் பாதியிலேயே மடித்து வைத்துவிடாதே.

"மாமா வராம நான் மணையில உக்கார மாட்டேன்" என்றாய். நீ சொன்னது நியாயம்தான். என் தம்பி குமரேசன் உனக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்டு உன்னைவிட அதிகமாக அழுதவன். நீ வயசுக்கு வந்தபோது பச்சை ஓலை வெட்டிக்கொண்டு வந்து குடிசை கட்டியவன். கல்யாணத்தன்று உனக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து அழைத்து வந்து மணையில் உட்காரவைக்க வேண்டியவனும் அவன்தான். அவன் வராமல் நடக்கிற கல்யாணத்தில் எனக்கு மட்டும் சோறு தொண்டையில் இறங்குமா? உனக்கு மாமன் என்றால் எனக்கு அவன் கூடப் பிறந்தவன். இடுப்பில் தூக்கிச் சுமந்தே என் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்று நீயே கேலி செய்வாயே, அந்தச் சுமை அவன்தான்.

நடந்ததை அவன் ஒருவிதமாகச் சொல்லியிருப்பான், அவன் பெண்டாட்டி, உன் அத்தை, அதற்குக் கொஞ்சம் காரம் சேர்த்திருப்பாள். நான் நடந்தபடி சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சீர் பற்றிப் பேச வந்தான். புதிதாக வாங்கிய டிராக்டரிலேயே வந்தான். நான் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் அதில் வந்தான், எனக்குத் தெரியும். காபி கொடுத்தேன். நல்லபடியாகத்தான் ஆரம்பித்தது.

"அக்கா, சீரு நம்ம டிராக்டர்லதான் வருது. டிரெய்லர் பூரா தட்டு, பழம், பாத்திரம். சனமும் அதுலயே ஏறிக்கும். ரெண்டு மட்கார்டுலயும் மாமன்மாருங்க நாங்க உக்காந்துக்குவோம். முன்னால டிரம் செட்டு. ஊரே திரும்பிப் பாக்கணும்க்கா!"

"டிராக்டர் வரட்டும், தட்டு வரட்டும். ஆளு ஏறக் கூடாது."

"என்னக்கா நீ, கல்யாணத்துல கூடவா?"

"கல்யாணத்துலதான்டா முக்கியமா கூடாது. அன்னிக்கு எவனுக்கும் தலைகால் புரியாது."

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. "நீ புடிச்ச முயலுக்கு மூணே காலு" என்றான். "ஆமாண்டா, மூணே காலுதான்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நம் வாய் நிற்குமா? "ஆள ஏத்திக்கிட்டு வந்தீன்னா வாசல்லயே நிறுத்திப்புடுவேன், கோலத்தத் தாண்ட விட மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். டம்ளரை அப்படியே வைத்தான். "அப்ப மாமன் இல்லாமயே நடத்திக்க" என்றான். வண்டி கிளம்பிப் போய்விட்டது. கோலம் தாண்ட விடமாட்டேன் என்றது அதிகப்படி. சீர் கொண்டுவருகிற தம்பியைப் பார்த்து ஒரு அக்காள் அப்படிச் சொல்லக் கூடாது. நாளைக்கு அவன் வீட்டுக்குப் போய் அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்கப் போகிறேன். ஆள் ஏறக் கூடாது என்று சொன்னதற்குக் கேட்கமாட்டேன்.

"ஒரு வண்டியில ஏறுறதுக்கு ஏம்மா இந்தப் பிடிவாதம்? ஊர்ல எல்லாரும்தானே ஏறுறாங்க?" என்று கேட்டாய். உனக்கு இதில் பழைய கோபமும் ஒன்று இருக்கிறது, நான் மறக்கவில்லை. நம் வீட்டுக்கு முதன்முதலாக டிராக்டர் வந்த நாள். பழைய வண்டிதான், ஆனால் உன் அப்பா அதைக் கழுவிப் பொட்டு வைத்து மாலை போட்டதில் புதுசு மாதிரி மினுங்கியது. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாகிவிட்டது. நம் பக்கத்தில் வண்டி வாங்கினால் தெருச்சனத்தை ஏற்றி ஒரு சுற்று சுற்றி வர வேண்டும் அல்லவா? உன் அப்பா பெரிய மனசு பண்ணி "ஏறிக்கங்க, எல்லாரும் ஏறிக்கங்க" என்றார். நீ உன் பள்ளிக்கூடத் தோழிகளோடு ஓடிப்போய் மட்கார்டில் ஏறி ராணி மாதிரி உட்கார்ந்தாய். நான் சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு ஓடி வந்து, உன்னைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். "ஓட்டுறவரு மட்டும் ஏறுங்க, மத்தவங்க எறங்குங்க" என்றேன். நீ தோழிகள் முன்னால் மானம் போய்விட்டது என்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டாய். உன் அப்பா அன்று என்னோடு பேசவில்லை. மறுநாள் நானே பாபநாசத்திலிருந்து வெல்டிங்காரரை அழைத்து வந்து இரண்டு மட்கார்டின் மேலும் இரும்புக் கம்பிகளைச் சாய்த்து வைத்து ஒட்டச் சொன்னேன். யாராவது உட்கார நினைத்தாலும் பின்பக்கம் குத்தும். அவர் எத்தனையோ வண்டிக்குச் சொகுசாகச் சீட்டு வைத்துக் கொடுத்தவர். உட்கார முடியாதபடி செய்யச் சொன்ன முதல் ஆள் நான்தான் என்று சிரித்துக்கொண்டே ஒட்டினார்.

அன்றிலிருந்து அது கம்பி வச்ச வண்டி, நான் ஏத்தாதவ. எத்தனை பேரிடம் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறேன் தெரியுமா! அறுவடை முடிந்து களத்திலிருந்து திரும்பும்போது ஊர்ப் பெரியவர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். உன் அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் சைக்கிளைக் கொடுத்தேன். "டிராக்டர் வச்சிருக்கவங்க சைக்கிள் குடுக்குறீங்களே" என்று அவர் சொன்னதை இன்னும் ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள். கோயில் திருவிழாவுக்குப் பூசாரி வந்து கேட்டார். சாமியாக இருந்தாலும் டிரெய்லரில் கட்டி வையுங்கள், நீங்கள் நடந்து வாருங்கள் என்றேன். சாமி கோபித்துக்கொள்ளவில்லை, அவர் கோபித்துக்கொண்டார். நம் ஊரில் ஒருவரை வண்டியில் ஏற்றாமல் போவது, பந்தியில் இலை போட்ட பிறகு எழுப்பிவிடுகிற மாதிரி. அது எனக்குத் தெரியாதா என்ன? நானும் இந்த ஊர்க்காரிதானே.

இப்போது நான் உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உன் கல்யாண ஜாக்கெட்டை எல்லாம் தைத்துக்கொண்டிருக்கிறாளே, மல்லிகா சித்தி, அவள் காலைப் பற்றி. சின்ன வயசில் கேட்டபோது "விழுந்துட்டா" என்று சொல்லி முடித்துவிட்டேன். பெரியவளானதும் நீ கேட்கவில்லை.

நானும் அவளும் ஒரே நடவுக்கும்பல். நமக்கென்று நிலம் ஏது அப்போது? குத்தகைகூட பிறகு வந்ததுதான். சம்பா நடவு நேரம், அடைமழைக்கு முந்தின தூறல். நாளெல்லாம் சேற்றில் குனிந்து நட்டுவிட்டுக் கரையேறினால் இடுப்பு நிமிராது, ஊர் அங்கே தூரத்தில் தெரியும். அந்த நேரத்தில் வாய்க்கால் கரை மேல் ஒரு டிராக்டர் வந்தது. ஓட்டி வந்தவர் பக்கத்து ஊர்க்காரர், தங்கமான மனுஷர். வண்டியை நிறுத்தி "ஏன் இந்த மழையில நடக்குறீங்க, ஏறிக்கங்க" என்றார். எல்லாரும் ஏறினோம். பின்னால் கொக்கியில் கால் வைத்துச் சிலபேர் நின்றார்கள். இடப்பக்க மட்கார்டில் நான், வலப்பக்க மட்கார்டில் மல்லிகா. பாட்டு வேறு. வலப்பக்கம் கரை மண் ஊறிப்போயிருந்தது. டயர் ஏறியதும் சரிந்தது. வண்டி முழுசாகக் கவிழவில்லை, ஒரு சாய்வுதான் சாய்ந்தது. அந்தச் சாய்வில் மல்லிகா டயருக்கு முன்னால் வழுக்கி விழுந்தாள், டயர் அவள் காலில் ஏறியது.

நாங்கள் போட்ட கூச்சலில் நாலு வயலுக்கு அப்பால் இருந்தவர்களெல்லாம் ஓடி வந்தார்கள். ஓடி வந்தவர்கள் நல்லது செய்வதாக நினைத்து ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவளை இழுத்தார்கள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டதே "யாரு இப்படி இழுத்தது?" என்பதுதான். முறிந்த காலை அசையாமல் கட்டையோடு கட்டி எடுத்து வந்திருக்க வேண்டுமாம். யாருக்குத் தெரியும்? மாதக்கணக்கில் அங்கே கிடந்தாள். கால் தப்பியது, ஆனால் முட்டி மடங்காமல் போய்விட்டது. பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவள் பிறகு தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு, தையல் மெஷினுக்கு மோட்டார் வைத்து, இந்தத் தெருவுக்கே அளவு எடுக்கிறவளாக ஆனது அவள் சாமர்த்தியம். அந்த டிரைவர் மட்டும் அதன் பிறகு ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லை. யாருக்கும் கெடுதல் நினைக்காதவர் பாப்பா, மழையில் பெண்கள் நடக்கிறார்களே என்று நிறுத்தினார், அவ்வளவுதான்.

நீ அப்போது என் வயிற்றில் இருந்தாய். உன் அப்பாவைத் தவிர வேறு யாருக்கும் சொல்லவில்லை, வயிறும் தெரியவில்லை. வலப்பக்கத்தில் மல்லிகா, இடப்பக்கத்தில் நானும் நீயும். கரை இந்தப் பக்கம் ஊறியிருந்தால் நீயும் இல்லை, இந்தக் கல்யாணமும் இல்லை, இந்தச் சண்டையும் இல்லை. இதைச் சொன்னால் நீ பயப்படுவாய் என்று சொல்லாமல் இருந்தேன். இப்போது உனக்குக் கல்யாணமே ஆகப் போகிறது, பயந்தால் பயந்துகொள்.

உடனே அம்மா எப்போதும் நடுங்கிக்கொண்டே இருந்தாள் என்று நினைத்துக்கொள்ளாதே. சிரித்த கதையும் இருக்கிறது. உன் அப்பா வேட்டி கதையை நீ அரைகுறையாகத்தான் கேட்டிருப்பாய், அவர் முழுசாகச் சொல்ல விடமாட்டார். டிராக்டருக்குப் பின்னால் உழவு மெஷினைச் சுழற்றுகிற தண்டு ஒன்று இருக்கிறது அல்லவா? அதில் வைக்கோல் சுற்றிக்கொண்டது. ஐயா என்ஜினை அணைக்காமலே இறங்கி, அதை எடுத்துவிடலாம் என்று குனிந்தார். தண்டு வேட்டி நுனியைப் பிடித்தது. நல்லவேளை, அது துவைத்துத் துவைத்து நைந்துபோன வேட்டி. சர்ரென்று மொத்தமாக உருவிக்கொண்டு போய்விட்டது. புது வேட்டியாக இருந்தால் ஆளையும் சேர்த்து இழுத்திருக்கும். பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தால், நடு வயலில் பட்டாபட்டி டிராயரோடு உன் அப்பா! "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சும்பாங்க, உங்களுக்கு வேட்டியோட போச்சு" என்று ஒருத்தி சொல்ல, வயலே சிரித்தது. அவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னபோது நான் சிரிக்கவில்லை, அழுதேன். பிறகு இரண்டு பேருமாகச் சிரித்தோம். மல்லிகா அவருக்குக் காக்கித் துணியில் இரண்டு கால்சட்டை தைத்துக் கொடுத்தாள். மெஷின் பக்கம் போனால் அதைத்தான் போட வேண்டும், துண்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும், என்ஜினை அணைத்துச் சாவியைப் பையில் போட்ட பிறகுதான் கீழே குனிய வேண்டும். ஊரில் ஏட்டய்யா என்று கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும், ஏட்டய்யா பத்து விரலோடும் சாப்பிடுகிறார்.

நீ போகிற இடம் பட்டுக்கோட்டைப் பக்கம், தென்னந்தோப்புக்காரர்கள். மாப்பிள்ளையும் நீயும் சென்னையில் இருந்தாலும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அங்கேதான் போவீர்கள். அங்கே தேங்காய் லோடு ஏற்றினால் அதன் உச்சியில் ஆள் உட்கார்ந்து வருவான், பார்த்திருக்கிறேன். உன் மாமனார் நல்ல மனிதர், தோப்பைச் சுற்றிக்காட்ட "ஏறிக்கம்மா" என்று ஆசையாகக் கூப்பிடுவார். நல்லவர்கள்தான் கூப்பிடுவார்கள் பாப்பா, கெட்டவன் எவன் நமக்காக வண்டியை நிறுத்துகிறான்? அப்போது முகத்தைச் சுளிக்காமல், சிரித்துக்கொண்டே, "இருக்கட்டும் மாமா, நடந்தே வரேன், தோப்பப் பாத்துக்கிட்டே வரலாம்ல" என்று சொல். சாப்பாட்டில் இன்னொரு கரண்டி வைக்க வரும்போது கையால் இலையை மறைத்துக்கொள்கிறோமே, யாராவது கோபித்துக்கொள்கிறார்களா? அதே மாதிரி பழகிவிடும். மாப்பிள்ளையோடு பைக்கில் போனால் முந்தானையை இடுப்பில் செருகிக்கொள், சக்கரத்தில் சிக்கினால் ஆளையே கீழே இழுத்துவிடும். ஹெல்மெட் அவருக்கு மட்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது, பின்னால் உட்கார்ந்தவள் தலை என்ன தேங்காயா? இரண்டு பேரும் போட்டுக்கொள்ளுங்கள். மல்லிப்பூ நசுங்கினால் நசுங்கட்டும், வேறு வாங்கிக்கொள்ளலாம்.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது திருட்டுத்தனம். நாளைக்கு நான் எவ்வளவு கெஞ்சினாலும் குமரேசன் இறங்கி வராமல் போகலாம். அவனும் என் தாய் வயிற்றில் பிறந்தவன்தானே, அவன் முயலுக்கும் மூணே கால்தான் இருக்கும். அப்போது நீ மணையில் உட்கார மாட்டேன் என்று சொன்னால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. நம் வண்டிக் கம்பியையும் பிடுங்கி எறிந்துவிட்டு "ஏறிக்கிட்டு வாடா" என்று சொல்லிவிடுவேனோ என்றுகூடப் பயமாக இருக்கிறது. மீதியைப் போய் வந்து எழுதுகிறேன்.

போய்விட்டு வந்துவிட்டேன். மாடு கட்டிவிட்டு, குளித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தனியாகப் போகவில்லை. ஜாக்கெட் அளவு சரியா என்று கேட்க வந்த மல்லிகாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "நானும் வரேன்டி" என்றாள். "நீ எதுக்குடி, உன்னக் காட்டி அவன் வாய அடச்சேன்னு ஆயிடும்" என்றேன். "அடப் போடி, நான் என்ன காட்சிப்பொருளா? பொண்ணுக்கு நானுந்தான் சித்தி, என் பங்குக்கு நானும் நியாயம் கேப்பேன்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். டவுன் பஸ்ஸில் போனோம். அவளுக்குப் படி ஏற நேரமாகும், கண்டக்டர் விசில் ஊதாமல் காத்திருந்தார். வழியெல்லாம் உன் மாப்பிள்ளையின் மூக்கைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தாள், நீயே கேட்டுக்கொள்.

குமரேசன் கொட்டகையில் டிராக்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான். "வாங்க மல்லிகாக்கா" என்றான். என்னை வா என்று சொல்லவில்லை. நான் நின்றபடியே சொல்லிவிட்டேன். "தம்பி, கோலம் தாண்ட விட மாட்டேன்னு சொன்னேன்ல, அது தப்பு. உனக்கு இல்லாத வாசலா அது? மனசுல வச்சுக்காத" என்றேன். "ம்" என்றான். உன் அத்தை நாற்காலி கொண்டு வந்து போட்டாள். கொஞ்ச நேரம் துணியால் ஒரே இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தான். பிறகு வெடித்தான்.

"நான் என்ன பவுசு காட்டவா கேக்குறேன்? நம்ம சனத்துல வயசானவங்க எத்தன பேரு? வண்டி வச்சிருக்கவன் அவங்கள நடக்க விட்டுட்டு வந்தா நாலு பேரு என்ன பேசுவான்? இவனும் இவன் அக்கா மாதிரி ஆயிட்டான்னு பேச மாட்டான்? ஏறிக்கங்கன்னு ஒரு வார்த்த சொல்லாம நான் எப்படிக்கா வண்டி எடுப்பேன்?"

எனக்கு அந்த நேரத்தில் அவன் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. பவுசு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவனுக்கு அது வெட்கம். ஒருத்தரை விட்டுவிட்டுப் போகிறோமே என்கிற வெட்கம். அதற்குள் மல்லிகா வாயைத் திறந்தாள்.

"அப்ப எனக்கு எந்த எடம் தம்பி? மட்கார்டா, டிரெய்லரா?"

அவன் துடைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான்.

"கேலிக்குக் கேக்கல. நீ ஏறச் சொன்னா ஏறுவேன். பொண்ணோட மாமன், வீடு தேடி வந்து கூப்புட்டு மாட்டேன்னா நல்லாவா இருக்கும்? அன்னிக்கும் அப்படித்தான் ஏறுனேன். எனக்கு நடக்கணும்னுதான் இருந்துச்சு தம்பி. கரை ஊறிக் கெடக்குறது கண்ணுல பட்டுச்சு. ஆனா அவரு நிறுத்திக் கூப்புட்டாரு, இவளுங்க எல்லாரும் ஏறிட்டாளுங்க. நான் மட்டும் மாட்டேன்னா அந்த மனுசன் மொகம் வாடிப்போயிடுமேன்னு ஏறிட்டேன்."

பாப்பா, இதை அவள் இதுவரை என்னிடம்கூடச் சொன்னதில்லை. அசதியில் ஏறினாள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். தினமும் பார்க்கிறவள், ஒரே தட்டில் சாப்பிட்டவள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. "என்னடி நீ, கல்யாண வீட்டுக்காரி, மூக்கச் சிந்திக்கிட்டு" என்று அவள் என்னை அதட்டினாள்.

குமரேசன் துடைத்த துணியை வண்டி மேலேயே போட்டுவிட்டு வந்து அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தான். "வேணாங்க்கா. நீங்க ஏற வேணாம்" என்றான். பிறகு உன் அத்தையைப் பார்த்து, "தட்டு, பாத்திரமெல்லாம் டிரெய்லர்ல வரட்டும். டிரைவர் மட்டும் மேல. சனத்துக்கு வேன் சொல்லிடுறேன், அக்கா ஊர் எல்லையில பிள்ளையார் கோயில்கிட்ட எறங்கிக்கட்டும். அங்கேருந்து எல்லாரும் நடந்து போவோம்" என்றான். "நீங்க?" என்று அத்தை கேட்டாள். "நான் என்ன வானத்துலேருந்தா வருவேன்? நானும் நடைதான்" என்றான். என்னிடம் திரும்பி, "இதுவாச்சும் சரியா, இல்ல தட்டும் ஏறக் கூடாதா?" என்று கேட்டான். அந்தக் குத்தல் எனக்குத் தேன் மாதிரி இருந்தது. அவன் என்னோடு பேசிவிட்டான் அல்லவா.

அப்புறம் மல்லிகாவிடம் கேட்டான், "கோயில்லேருந்து அக்கா வீடு வரைக்கும் உங்களால நடக்க முடியுமா?"

"முடியும். ஆனா மெதுவாத்தான் முடியும்."

"அப்ப சீரு மெதுவாத்தான் வரும்" என்றான்.

நாங்கள் இருக்கும்போதே டிரம் செட்டுக்காரருக்குப் போன் போட்டான். ஓட்டமாக அடிக்கிற அடியெல்லாம் வேண்டாம், நிதானமாக அடிக்க வேண்டும், ஒரு அக்கா நடைக்கு அடிக்க வேண்டும் என்றான். அந்தப் பக்கம் என்ன கேட்டாரோ தெரியாது, "யாரா இருந்தா என்ன, எங்க அக்கா" என்று சொல்லி வைத்துவிட்டான். தட்டுகளில் முதல் தட்டு, மாமன் உனக்கு எடுத்த பட்டு இருக்கிற தட்டு, அதை மல்லிகா எடுத்து வர வேண்டும் என்று உன் அத்தை சொன்னாள். ஒரு கையில் தட்டு, இன்னொரு கைக்குப் பிடிமானம் வேண்டுமே என்று மல்லிகா தயங்கினாள். "அந்தக் கைய நான் புடிச்சுக்குறேன்" என்றான் குமரேசன்.

ஆகையால் நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். கல்யாணத்தன்று நீ அலங்காரம் முடித்து உள்ளே உட்கார்ந்திருப்பாய். பிள்ளையார் கோயில் பக்கம் டிரம் சத்தம் கேட்கும். கேட்டுக்கொண்டே இருக்கும், ஆள் வந்து சேர மாட்டார்கள். ஐயர் கடிகாரத்தைப் பார்ப்பார், மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுப்பார்கள், உன் அப்பா வாசலுக்கும் உள்ளுக்குமாக அலைவார். யாராவது உன்னிடம் வந்து, சீர் எங்கேயாவது நின்றுவிட்டதா, ஒரு வண்டி அனுப்பி அழைத்து வரலாமா என்று கேட்பார்கள். கல்யாணப் பெண் சொன்னால் அன்றைக்கு யாரும் மறுக்க மாட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடு. என் மாமா வந்துகொண்டிருக்கிறார், என் சித்தி கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வருகிறார், அவர்கள் வந்து சேர்ந்த பிறகு நான் மணைக்கு வருகிறேன் என்று சொல்.

வாசலில் கோலத்துக்குப் பக்கத்தில் காத்திருப்பவள்,
உன் அம்மா